வேறொரு வீட்டில் கிளறன்ஸ்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மரியகொறற்றி தன் மகன் கிளறன்ஸைத் தைரொயிட் கிளினிக்குக்குக் கூட்டிப்போவாள். கொட்டாஞ்சேனையிலிருந்து காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் நாற்பதுக்குள் நம்பர் கிடைக்கும். கிளறன்ஸுக்கு இருபத்தொன்பது வயது. டவுன் சின்ட்ரம் உள்ளவன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் சூசைதாசன் இறந்து ஒன்பது வருடம். மூத்த மகன் ஒஸ்வால்ட் இத்தாலியில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

யுத்தம் முடிந்த நான்காம் வருடம், ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் ஒரு சிறுவன் தரையில் மல்லாந்து கிடந்து அலறிக்கொண்டிருந்தான். ஆறு வயதிருக்கும். பக்கத்தில் முழங்காலில் இருந்த தாய் அவன் தலை சீமெந்தில் மோதாதபடி உள்ளங்கையைக் கீழே வைத்திருந்தாள். வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் ஒருவர், "பாற வஹன்ன எப்பா!" என்று சத்தம் போட்டார். வழியை மறிக்கவேண்டாமாம். அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் புரியவில்லை என்பது அவள் விழித்த விழியிலேயே தெரிந்தது.

"பொட்டக் இன்ன மல்லி, லமயா பய வெலா," என்றாள் மரியகொறற்றி. கொஞ்சம் பொறு தம்பி, பிள்ளை பயந்துபோனான். சொல்லிவிட்டுத் தன் குடையை விரித்து வாங்குப் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இனிக் குடைதான் தெரியும்.

அதற்குள் கிளறன்ஸ் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, சிறுவனுக்குப் பக்கத்தில் தானும் மல்லாந்து படுத்துவிட்டான். மேலே பழைய மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். சிறுவன் மூச்செடுக்க நிறுத்திய ஒரு கணத்தில் இவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இவன் பார்ப்பதைப் பார்த்தான். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்கள். அலறல் விக்கலாகி, அதுவும் நின்றது.

தாய் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

"அழாதீங்க மகள். இந்தியாவா?"

"ஆமாங்க. சென்னை. இங்க வந்து எட்டு மாசம் ஆச்சு. என் பேரு பார்கவி. ஹஸ்பண்டுக்கு இரத்மலானையில ஃபேக்டரியில வேலை." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவன் கவின். ஆட்டிசம். பேச்சு வரலை. காது டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க, லைட்டைப் பார்த்துப் பயந்துட்டான். ஆன்ட்டி, உங்க பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது."

பார்கவி அவள் பக்கம் திரும்பினாள். "இருபத்தொன்பது வருஷம்… எப்படிப் பண்ணீங்க?"

மரியகொறற்றி குடையை எடுத்து மடக்கினாள். என்ன நோய், எப்போது சுகமாகும், பரம்பரையில் யாருக்காவது உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. "நம்பர் கூப்பிடுறாங்க," என்று சொல்லி எழுந்துவிட்டாள். ஆனால் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பார்கவி விடவில்லை. ஒவ்வொரு கிழமையும், வாரம் தவறாமல், போன் எடுத்தாள். சென்னையில் இவளைப்போலப் பதினொரு தாய்மார் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைகளில் கூடுவார்களாம். பிள்ளைகள் ஒரு பக்கம், தாய்மார் ஒரு பக்கம். எந்த டாக்டர் பொறுமையானவர், எந்தக் கடையில் தையல் உறுத்தாத சட்டை கிடைக்கும், மாமியார் குத்திப் பேசினால் என்ன சொல்வது, எல்லாம் அங்கேதான். "இங்க எனக்கு யாருமே இல்லை ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். வெள்ளவத்தையில என் பிளாட்லயே சேரலாம். நீங்க வரணும்."

"எங்கட ஆக்கள் இதுகள வெளிய கதைக்க மாட்டாங்க மகள்," என்று மரியகொறற்றி ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தாள்.

காரணம் வேறு. கிளறன்ஸுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஏதோ ஒரு சங்கத்துப் பெண்கள் பெரிய ஹோட்டலொன்றில் 'இப்படியான பிள்ளைகளுக்கு' விருந்து வைத்தார்கள். மேடையில் ஏற்றிப் புத்தகப் பை கொடுத்தார்கள். படம் பிடிப்பவன் கிளறன்ஸின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினான். அடுத்த ஞாயிறு பேப்பரில் அந்தப் படம் வந்தது. தங்கள் ஒழுங்கையில் குடியிருந்த யாரோ அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தபோது சூசைதாசன் வாங்கி நான்காகக் கிழித்தார். அன்றிலிருந்து மரியகொறற்றி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. காலைப் பூசை, கடைத்தெரு, கிளினிக். இந்த மூன்றுக்கு வெளியே கிளறன்ஸை அவள் கூட்டிப்போனதும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் பார்கவி கவினையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டாள். ஓட்டோக்காரன் தவறான தெருவில் இறக்கிவிட, கோவிலடியில் விசாரித்து, வியர்த்து வழிந்துகொண்டு வாசலில் நின்றாள். "கிளறன்ஸோட அம்மான்னு கேட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு ஆன்ட்டி," என்றாள்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மரியகொறற்றி ஒளித்து வைத்ததாக இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அவள் கதவை அகலத் திறந்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

*

முதல் சனிக்கிழமை நான்கு குடும்பங்கள். பார்கவியின் பிளாட் கடற்கரைப் பக்கம் நான்காம் மாடியில். அன்று பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. பைறோஸா என்ற பெண் தன் பதினான்கு வயது மகள் ருக்கியாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கீழே செய்வதறியாமல் நின்றாள். வெள்ளவத்தையில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள். ருக்கியாவுக்குப் பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு குறைந்து கைகால் வசமில்லாமல் போனது, பேச்சும் குழறும், ஆனால் எல்லாம் விளங்கும். வாட்ச்சரும், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உயரமான மனிதரும் நாற்காலியோடு அவளை நான்கு மாடி தூக்கினார்கள். அந்த மனிதர் யோகநாதன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்தார். மனைவி நேசமலரும் பத்தொன்பது வயது மகன் துஷ்யந்தனும் அவருக்குப் பின்னால் ஏறி வந்தார்கள். துஷ்யந்தனுக்கும் கவினைப்போல ஆட்டிசம்தான். தகப்பனை விடவும் உயரம்.

பார்கவி கணினியில் நிகழ்ச்சிநிரல் அடித்து வைத்திருந்தாள். 'அறிமுகம், அனுபவப் பகிர்வு, எதிர்காலத் திட்டம்.' ஒன்றும் நடக்கவில்லை. அனுபவத்தைச் சொல்லச் சொன்னதும் நேசமலர் தன் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினாள். யோகநாதன் பேப்பரை விரித்தார். கவின் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டு நின்றான். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லோரும் கலைந்தார்கள்.

ஆனாலும் அடுத்த கிழமை வந்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திராது. துஷ்யந்தன் எழுந்து எழுந்து கதவைத் தட்டியபோது அந்த அறையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது சனிக்கிழமைதான் யோகநாதன் பேப்பரை மடித்து வைத்தார். கிளறன்ஸின் கன்னத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மிஸிஸ் சூசைதாசன், உங்கட மகனுக்கு ஆர் ஷேவ் எடுக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"பேசாமல் இருப்பாரோ?"

"இப்ப இருப்பான். முதல் ரெண்டு வருஷம் என்ட கையைக் கடிச்சான்."

யோகநாதன் மகனைப் பார்த்தார். துஷ்யந்தனின் தாடி அங்குமிங்கும் திட்டுத்திட்டாக வளர்ந்திருந்தது. "மூண்டு சலூனில ஏலாதெண்டு அனுப்பிப்போட்டினம். நான் கிட்டப் போனால் தட்டிவிடுறான். நித்திரையில கத்தரிக்கோலால கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டுறனான். ஒருநாள் கண்ணில கிண்ணில பட்டுதெண்டால்…"

மரியகொறற்றி இருந்த இடத்திலிருந்தே சொல்லத் தொடங்கினாள். "மிஸ்டர் யோகநாதன், முதல்ல உங்கட முகத்தில நுரையைப் போடுங்க. அவர் பார்க்கட்டும். ரெண்டு நாள் அவ்வளவுதான். பிறகு நுரையை அவரிட்டக் குடுத்து உங்கட முகத்தில பூசச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு பிளேட் இல்லாத ரேசர். அவர் உங்களுக்கு எடுக்கட்டும். தன்ட கன்னத்துக்குத் தானே கொண்டுபோற நாள் வரும். அவசரப்படக்கூடாது. கண்ணாடிக்கு முன்னால செய்யாதீங்க, அதிலதான் கிளறன்ஸ் பயந்தவன்."

பார்கவியின் கணவனுடைய ரேசரையும் நுரையையும் கொண்டுவந்து கிளறன்ஸின் முகத்தில் எல்லாவற்றையும் செய்தும் காட்டினாள். யோகநாதன் எழுந்து கிட்ட வந்து, வங்கிக் கடதாசி படிப்பதைப்போலக் குனிந்து பார்த்தார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு துஷ்யந்தன் இடது கன்னம் மழமழவென்றும் வலது கன்னம் காடாகவும் வந்து சேர்ந்தான். நேசமலர் வாசலிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "அரைவாசிக்கு விட்டவர் கொறற்றி அக்கா! மற்ற அரைவாசி வாற கிழமையாம்!" சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அப்படியே கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நிகழ்ச்சிநிரல் தேவைப்படவில்லை.

*

ஏழாம் மாதம் பிளாட் கொமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமைகளில் சத்தம், லிஃப்டில் நெரிசல், குடியிருப்போருக்கு இடைஞ்சல். வீட்டுக்காரரும் போன் எடுத்து, இது தொடர்ந்தால் வீட்டை விடவேண்டி வரும் என்றார். பார்கவி கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, கோபத்தில் மேசையில் எறிந்தாள்.

"என்ட வீட்டுக்கு வாங்க," என்றாள் மரியகொறற்றி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது கேட்டது.

"கொட்டாஞ்சேனைக்கோ?" என்றாள் நேசமலர். "அவ்வளவு தூரம்… துஷ்யந்தன் பஸ்ஸில…" தூரம் மட்டும் அல்ல என்பது மரியகொறற்றிக்குத் தெரியும். ஹார்பர் பக்கத்துத் தெருக்கள், மீன் மணக்கும் வீடுகள், வேதக்காரர். வெள்ளவத்தை உத்தியோகக் குடும்பங்கள் கொட்டாஞ்சேனைக்குச் சொந்தம் கொண்டாடி வருவதில்லை.

முதல் கிழமை பார்கவியும் பைறோஸாவும் மட்டும் வந்தார்கள். இரண்டாம் கிழமை யோகநாதன் மகனோடு தனியாக வந்தார். மூன்றாம் கிழமை நேசமலரும் வந்தாள். மடியில் ஒரு டிபன் பெட்டி. அவர்கள் சைவம். அவள் தான் கொண்டுவந்த கொழுக்கட்டையை மட்டும் சாப்பிட்டு, தான் கொண்டுவந்த போத்தலில் தண்ணீர் குடித்தாள். மரியகொறற்றி அதைக் கவனித்தும் கவனிக்காதவள்போல இருந்தாள். புது ஏனமொன்று வாங்கி, அதில் தேநீர் மட்டும் காய்ச்சி, ஒவ்வொரு கிழமையும் நேசமலருக்கு முன்னால் ஒரு கோப்பை வைப்பாள். அது ஆறிப்போகும். எத்தனையாவது கிழமை என்று ஞாபகமில்லை, ஒருநாள் பார்த்தால் கோப்பை வெறுமையாக இருந்தது.

கூடத்துக் கதவைத் திறந்தே வைத்தார்கள். ஒழுங்கையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் எட்டிப் பார்ப்பதும் அலுத்துப்போனது. மட்டக்குளியிலிருந்து ஒரு தாய் வந்தாள். கிருலப்பனையிலிருந்து ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து, டாக்டர் நேற்றுத்தான் சொன்னாராம் என்று விட்டு வாசலடிக் கதிரையில் ஒதுங்கி இருந்தார்கள். பைறோஸா எழுந்து போய்க் குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். வருடம் முடியும்போது ஒன்பது குடும்பம்.

அப்போதுதான் பார்கவியின் கணவனுக்குப் புனேக்கு மாற்றம் வந்தது.

போவதற்கு இரண்டு கிழமை இருக்கையில் அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இரவு இன்னொரு குடும்பத்தோடு தங்கிப் பழகவேண்டும். "யாருக்காவது அவசரம்னா என்ன பண்ணுவோம்? சென்னையில நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம். முதல்ல கிளறன்ஸ். நேசமலர் ஆன்ட்டி வீட்ல ஒரு ராத்திரி."

"சரிவராது," என்றாள் மரியகொறற்றி. "நான் இல்லாட்டி அவன் நித்திரை கொள்ள மாட்டான்."

"நீங்க இல்லாம எப்ப ஆன்ட்டி அவர் இருந்து பார்த்திருக்கார்?"

மரியகொறற்றிக்கு முகம் சிவந்தது. "மகள், நீங்க ரெண்டு கிழமையில பிளேன் ஏறிடுவீங்க. என்ட பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளுவன்."

"ஆமா, போயிடுவேன்," என்றாள் பார்கவி மெல்ல. "அதனாலதான் கேக்கறேன்."

வழியனுப்ப மரியகொறற்றி விமான நிலையத்துக்குப் போகவில்லை. கவினுக்குப் பிடித்த, கழுத்தில் தையல் உறுத்தாத இரண்டு பனியனைப் பைறோஸாவிடம் கொடுத்தனுப்பினாள். பார்கவி போனில் அழுதாள். இவள் அழவில்லை. கிளறன்ஸைப் பற்றிக் கேட்ட அந்தக் கேள்விக்காக அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

*

பார்கவி போனதும் சனிக்கிழமைகள் தளர்ந்தன. எல்லோருக்கும் போன் எடுத்து ஞாபகப்படுத்தியவள் அவள்தான். இப்போது ஒவ்வொருவரும் மற்றவர் எடுப்பார் என்று இருந்தார்கள். ஒரு கிழமை மூன்று பேர் வந்தார்கள். அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை மரியகொறற்றி கதிரைகளைப் போடவே இல்லை.

அன்று ஒரு விசயமும் தெரியாமல் பைறோஸா ருக்கியாவோடு வந்து இறங்கினாள். கதவு சாத்தியிருந்தது. கிளறன்ஸ் திறந்தான். "மம்மி குசினியில இருக்கா. எழும்பமாட்டாவாம்," என்றான்.

மரியகொறற்றி குசினியில் அடுப்புக்கு முன்னால் தரையில், வலது விலாவைப் பிடித்தபடி சுருண்டு இருந்தாள். வாயில் பச்சையாக வாந்தி.

"எத்தின நாளா இப்பிடி ஈக்கி?" பைறோஸா அவளை நிமிர்த்தி முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! டொக்டருக்கிட்டப் போகல்லயா?"

போயிருந்தாள். பித்தப்பையில் கல். ஒப்பரேஷனுக்கு மூன்று தடவை திகதி கொடுத்தார்கள். மூன்று தடவையும் அவள் போகவில்லை. வார்டில் படுத்தால் கிளறன்ஸை யாரிடம் விடுவது? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எல்லோருடைய பிள்ளைகளைப் பற்றியும் பேசியவள் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பைறோஸாவுக்குக் கோபம் வந்தது. "நீங்க மௌத்தாப் போனா இவருக்குச் சோறு குடுக்கிற யாரு? செல்லுங்க பார்ப்பம். இந்தியாப் பிள்ளை கேட்டதுக்கு அவ்வளவு கோவிச்சீங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்ட வீட்டில எடமில்ல அக்கா. ரெண்டு ரூம், மூணு கொமருப் புள்ளைகள், அவங்கட வாப்பா. ஒளிக்காமச் செல்றேன். நேசமலருக்கு எடுங்க."

மரியகொறற்றி போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். கொடுப்பது அவளுக்குப் பழக்கம். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. கடைசியில் எடுத்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: ஒப்பரேஷன், ஐந்தாறு நாள், கிளறன்ஸ்.

மறுமுனையில் நேசமலர், "இவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன் அக்கா," என்றாள்.

அவ்வளவுதான் என்று மரியகொறற்றி நினைத்தாள். போனைத் தட்டிலே வைத்துவிட்டு, "பரவாயில்ல, நான் திகதியத் தள்ளிப்போடுறன்," என்று பைறோஸாவிடம் சொன்னாள். இருபது நிமிடத்தில் போன் அடித்தது.

"மிஸிஸ் சூசைதாசன்," என்றது யோகநாதனின் குரல். "அவர் லைற்றைப் போட்டிட்டோ படுக்கிறவர், நிப்பாட்டிப்போட்டோ?"

"என்ன?"

"கிளறன்ஸ். எழுதிறதுக்குப் பேனை எடுத்து வச்சிருக்கிறன். ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ. தைரொயிட் குளுசை எத்தினை மணிக்கு?"

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இரண்டு பக்கம் வந்ததாம்.

*

ஒப்பரேஷன் நினைத்தபடி சின்னதாக முடியவில்லை. வயிற்றை நீளமாக வெட்டவேண்டி வந்தது. காயத்தில் சீழ் பிடித்து, ஐந்து நாள் பத்து நாளாயிற்று. வார்டில் படுத்திருந்த அந்தப் பத்து நாளும் மரியகொறற்றி ஒரே படத்தைத்தான் மனதில் பார்த்தாள்: வெள்ளவத்தை வீட்டுக் கேற்றடியில் கிளறன்ஸ் நின்று 'மம்மி, மம்மி' என்று அழுகிறான். அவனிடம் என்ன சொல்லித் தேற்றுவது என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தாள். தினமும் மாலையில் பைறோஸா வந்து, "நல்லா ஈக்கிறாரு," என்பாள். அவளுக்கு நம்பிக்கை வராது.

பார்கவி புனேயிலிருந்து எடுத்தாள். அங்கே அவளுக்கு இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை. கவின் மறுபடியும் சுவரில் தலையை மோதத் தொடங்கியிருக்கிறான். "நீங்க சொன்னது சரி மகள்," என்று மரியகொறற்றி சொன்னதும் பார்கவி, "சரியா இருந்து என்ன ஆன்ட்டி, நான் அங்க இல்லையே," என்றாள்.

ஒஸ்வால்ட்டும் இத்தாலியிலிருந்து எடுத்தான். "ஏன் மம்மி எனக்குச் சொல்லல்ல? நான் சிஸ்டர்மாரோட கதைச்சு ஒரு ஹோம்ல அவனுக்கு இடம் எடுத்திருப்பன் தானே."

"அவன் வெள்ளவத்தையில இருக்கான்."

"யாரோட?"

சொந்தமா என்றால் இல்லை. அயலவரா என்றால் அதுவும் இல்லை. சிநேகிதர் என்ற சொல் யோகநாதனுக்குப் பொருந்தாது. "எங்கட ஆக்களோட," என்றாள்.

"வெள்ளவத்தையில எங்கட ஆக்கள் யாரு மம்மி?" என்று ஒஸ்வால்ட் ஆச்சரியப்பட்டான்.

பதினோராம் நாள் காலை, தையலைக் கையால் தாங்கிக்கொண்டு, பைறோஸாவோடு ஓட்டோவில் நேராக வெள்ளவத்தைக்குப் போனாள்.

கேற்றடியில் யாரும் இல்லை. கிளறன்ஸ் உள்ளே, சாப்பாட்டு மேசையில் மரக்கறி நறுக்க ஆயத்தமாக வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். பிறகு உடனே வெங்காயத்துக்குத் திரும்பினான்.

"வாங்க மகன், வீட்டுக்குப் போவம். மம்மிக்கு சுகம்."

"ஏலாது மம்மி. நாளைக்குக் கடையில பேப்பர் எடுக்கோணும்."

"பேப்பரா?"

"அங்கிளுக்குக் கண் தெரியாது. ரோட்டு மாறேக்க நான்தான் கையைப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை. அதை அவரும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் மரியகொறற்றி மகனின் சட்டையைப் பார்த்தாள். ஆறு பொத்தானும் சரியான ஓட்டையில் இருந்தன. "நல்லாப் போட்டு விட்டிருக்கிறீங்க நேசமலர்," என்றாள்.

"நான் போடேல்லை அக்கா. அவரே போடுறவர். நாலாம் நாள் நான் அடுப்படியில நிண்டனான், அவருக்குக் கடைக்குப் போற அவசரம். தானே போட்டுக்கொண்டு வந்து நிண்டார். நீங்கள் பழக்கினதெண்டு நினைச்சன்."

மரியகொறற்றி முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டாள். முப்பது வருடம், தினமும் இரண்டு தடவை, அந்தப் பொத்தான்களை அவள்தான் போட்டாள். அவனால் முடியாது என்று நினைத்துத்தான் போட்டாள். முடியுமா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வீட்டின்மேல், இந்தப் பெண்ணின்மேல், நியாயமில்லாத ஒரு கோபம் வந்தது. வந்த கோபம் அழுகையாகிவிட்டது. அழுதால் தையல் இழுத்தது.

கதவுக்கு வெளியே நேசமலர் வந்து நிற்பது தெரிந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். முதல் ரெண்டு நாளும் அவர் ஒண்டும் சாப்பிடேல்லை. கேற்றடியில நிண்டு உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதவர். துஷ்யந்தன்ரை கதிரையில இருக்கப் போய் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, கண்ணாடிக் கிளாஸ் உடைஞ்சது. நானும் இருந்து அழுதனான். மீன் இல்லாமல் சோறு இறங்காதெண்டு பிறகுதான் விளங்கினது. என்ரை அடுப்பில எனக்கு ஏலாது. பைறோஸா ஒவ்வொரு நாள் மத்தியானமும் மீன் குழம்பு அனுப்பினவ, பல்கனியில இருந்து சாப்பிட்டவர். உங்களுக்குச் சொன்னால் வார்டை விட்டிட்டு ஓடி வந்திடுவியள் எண்டு இவர்தான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

மரியகொறற்றி குழாயை நிறுத்தினாள். "அழுதானா?"

"சரியா அழுதவர்."

"இத முதல்ல சொல்லியிருக்கலாமே நேசமலர்," என்று கதவைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்கப் பண்ணாதீங்க, தையல் பிரிஞ்சிடும்," என்றாள் மரியகொறற்றி.

கிளறன்ஸை ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

காலி வீதியில் வெயில் ஏறியிருந்தது. அவளுக்கு நடக்கத் தெரியாததுபோல இருந்தது. இடது கை தானாகவே பின்னால் போய்க் கிளறன்ஸின் கையைத் தேடியது. பைறோஸா அவளை ஒரு தேநீர்க் கடைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அடுத்த மாதம் பேருவளையில் தங்கை மகளின் கலியாணம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "நான் போகல்ல. ருக்கியாவோட பஸ்ஸில ஏலாது. அங்க எல்லாம் படி. அவளும் எல்லாரும் பார்க்கிறதுக்கு வரமாட்டேன்னு செல்றா."

"எனக்கிட்ட விட்டுட்டுப் போங்க," என்றாள் மரியகொறற்றி.

"உங்களுக்கு வயித்தில தையல் ஈக்கி! அவளத் தூக்கேலா."

"அடுத்த மாசம் ஆறிடும். தூக்கிறதுக்குக் கிளறன்ஸ் இருக்கான், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுவன். இப்ப சொல்லுங்க, அவளுக்குச் சோறு எப்படிக் குடுக்கிறது?"

பைறோஸா அவளை நம்பாமல் பார்த்தாள். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். சோற்றைக் கஞ்சிப் பதத்துக்குக் குழைக்கவேண்டும். முள் இருந்தால் போச்சு. தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்க்கவேண்டும், பின்னுக்குச் சாய்த்தால் புரையேறும். சின்னக் கரண்டி. விழுங்கின பிறகுதான் அடுத்தது. சாப்பிடும்போது சிரிக்க வைக்கக்கூடாது. மரியகொறற்றி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது பிளேன்டீ முடியும்போது மத்தியானமாகியிருந்தது.

அடுத்த மாதம் பைறோஸா இரண்டு நாள் பேருவளைக்குப் போனாள். கலியாண வீட்டிலிருந்து பதினொரு தடவை போன் எடுத்தாள். பத்துத் தடவை மரியகொறற்றி பேசி, ருக்கியா 'உம்மா' என்று தாயைக் கூப்பிடுவதற்கும் போனைப் பிடித்தாள். பதினோராவது தடவை போனை எடுத்தது கிளறன்ஸ்.

"உம்மா, ருக்கியா சாப்பிடுறா. பிறகு எடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டான்.